பத்து மெசேஜ் கொள்ளும் போன்

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் ஜெராக்ஸ் கடைக்காரி தன் வீட்டுக்காரரின் எத்தனையோ குற்றங்களை மன்னித்துவிட்டாள். ஒன்றை மட்டும் விடவில்லை. அவள் அவருக்கு அனுப்பிய முதல் மெசேஜை அந்த மனுஷன் அழித்துவிட்டார். சண்டை எதில் ஆரம்பித்தாலும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கும்.

"பத்து மெசேஜ்தான்டி அதுல கொள்ளும். ரொம்பிப்போச்சு. வேற ஏதோ அழிக்கப்போய் அது போயிடுச்சு," என்பார். அவர் எலக்ட்ரீஷியன்.

"ஒயர் வாங்கிட்டு வா, சுவிட்ச் வாங்கிட்டு வா, அதெல்லாம் பத்திரமா இருந்துச்சு. நான் சம்மதம் சொன்னதுதான் உங்களுக்குக் குப்பை!"

அதோடு அவர் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

வெள்ளையடிக்க அலமாரியை ஒழித்தபோது அந்த போன் அவள் கையில் அகப்பட்டது. அடேயப்பா, என்ன கனம்! முதுகு கழன்றுவிடாமல் இன்னும் ரப்பர் பேண்ட் போட்டபடியே இருந்தது. ஒரு காலத்தில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் நடந்த நடை என்ன, சிக்னல் கிடைக்கவில்லை என்று மாடிப்படியில் நின்று கத்திய கத்தல் என்ன! தெருவே கேட்கும். நினைத்து நினைத்துச் சிரித்தாள். ரிப்பேர் கடையில் பேட்டரி மாற்றியதும் பச்சை வெளிச்சத்தோடு உயிர் வந்துவிட்டது.

தன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மெசேஜ்களைத் திறந்தாள். ஒருவேளை இருந்துவிட்டால்? பத்தையும் பார்த்தாள். எல்லாம் ஒயரும் சுவிட்சும்தான். இந்த மனுஷனை நம்பினேன் பார் என்று மூடப்போனவள், அனுப்பாமல் சேமித்த மெசேஜ்களையும் ஒரு தட்டு தட்டினாள். ஒன்றே ஒன்று இருந்தது. தமிழ் தெரியாத போன், ஆங்கில எழுத்தில் தமிழ்.

"சரி. சீக்கிரம் வீட்டுல வந்து பேசுங்க." அதன் கீழே, "அவ அனுப்பினது. சாயங்காலம் நாலு இருபது."

அழிந்துபோனதை மனுஷன் தானே உட்கார்ந்து தட்டி வைத்திருக்கிறார்.

சாப்பிடக் கூப்பிட வந்த எலக்ட்ரீஷியன் அவள் கையில் இருந்ததைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"அது... அழிஞ்ச அன்னிக்கே அடிச்சு வெச்சேன். காட்டினா, இது நான் அனுப்பினதா, நீங்க எழுதினதுதானேன்னு அதுக்கும் சண்டைக்கு வருவ. அதான் சொல்லல. வார்த்தையெல்லாம் சரியா இருக்கா?"

சரியாக இல்லை. அவள் அனுப்பியதில் 'சீக்கிரம்' கிடையாது.

அக்காவின் போனை இரவல் வாங்கி, முதல் எழுத்தான ஆங்கில 'எஸ்'ஸுக்கு ஏழாம் பொத்தானை நாலு தடவை அமுக்கி, அந்த வார்த்தையை அவள் அடித்தது உண்மை. அடித்த பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாணத்துக்கு இப்படிப் பறக்கிறாளே என்று நினைத்துவிட்டால்? ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டுத்தான் அனுப்பினாள். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம்கூட.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னடி, தப்பா இருக்கா?"

"ஒரு எழுத்துகூட மாறலங்க," என்றாள்.