ஃபூஜி மலைமேல் மச்சான்

எங்கள் பீங்கான் ஊர் அரிதாவில் எந்தக் கூரைமேல் ஏறி நின்றாலும் ஃபூஜி மலை தெரியாது. அது எங்கேயோ கிழக்கே இருக்கிறது. ஆனால் நாங்கள் கப்பலேற்றும் ஒவ்வொரு பீங்கான் தட்டிலும் அது உண்டு. ஃபூஜி இல்லாத தட்டில் வெள்ளைக்காரனுக்குச் சோறு இறங்காதாம். வரைகிற நான் அதைப் பார்த்ததே இல்லை. ஒரு தட்டைப் பார்த்து இன்னொரு தட்டில் வரைவேன்.

ஆம்ஸ்டர்டாம் வியாபாரி ப்ரூயின் நாகசாகி துறைமுகத்தில் வந்து இறங்கியதும் சொல்லியனுப்பினார்: தட்டில் உள்ள மலையை நேரில் பார்த்த பிறகுதான் அடுத்த ஆர்டர்.

முதலாளி இவனாகா என்னைக் கூப்பிட்டார்.

"மலைய வரஞ்சது யாரு?"

"நான்தான் முதலாளி."

"அப்ப நீயே காட்டு. ஆர்டர் போச்சுன்னா தூரிகைய வச்சிட்டுக் கல்லு இடிக்கப் போயிரு."

பீங்கான் மண்ணுக்காகக் கல் இடிக்கும் கொட்டகையில் தூசி மூக்கிலேயே குடித்தனம் நடத்தும். எனக்குத் தூரிகைதான் பிடிக்கும்.

சூளைக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது. அதையே ஃபூஜி ஆக்கிவிடலாம் என்று முடிவுசெய்தேன். வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து, வாளியோடு என் மனைவியின் தம்பி யசுகேயிடம் கொடுத்தேன். உச்சியில் பனி மாதிரி பூசிவிட்டு வரச் சொன்னேன். அவன் கீழிருந்து மேலாகப் பூசிக்கொண்டே போய்விட்டான். இறங்கும் வழியெல்லாம் ஈரக் களிமண்.

ப்ரூயின் வந்தபோது யசுகே உச்சியில் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், வழுக்குது," என்று கத்தினான்.

ப்ரூயினோடு வந்த மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பினார். "மேல இருக்கிறது யாருன்னு கேக்குறாரு."

"மலைச்சாமி," என்றார் முதலாளி, கண் இமைக்காமல்.

"கையில வாளி?"

"பின்ன, பனி தானா வருமா?"

ப்ரூயின் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். பிறகு கையிலிருந்த தட்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இதுல சாமியக் காணோமேங்கிறாரு. சாமியோட வரஞ்சா ரெண்டு கப்பல் தட்டு எடுத்துக்கிறாராம்."

தூரிகை தப்பியது. இப்போது விடிந்ததிலிருந்து யசுகேயைத்தான் வரைகிறேன். சாமியான பிறகு அவன் எந்த வேலையும் செய்வதில்லை. என் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான்.

"மச்சான், மூக்கு இவ்ளோ பெருசா எனக்கு?"

"பேசாம போடா. வேலை இருக்கு."

"வாளி மட்டும் அச்சு அசலா வந்திருக்கு."

என் மனைவியும் எட்டிப் பார்த்தாள். "தம்பி இளைச்ச மாதிரி இருக்கான். கொஞ்சம் சதை போட்டு வரைங்களேன்," என்றாள்.

போட்டேன். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் கல் இடிக்கும் கொட்டகை அப்படியே தெரிகிறது. அங்கே தூசி உண்டு, யசுகே இல்லை.