மேட்டில் தலை அளந்தவர்

ஆற்றில் பிடித்த சால்மன் மீனைக் கிழித்து ஷிமே கம்பில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தடியா கிழிச்சா பனி விழுந்தப்புறம்தான்க்கா காயும்," என்றான் தம்பி குமாகிச்சி.

"முதல்ல கிழிக்கிற அளவுக்கு ஒரு மீனைப் பிடிடா."

அப்போது புதைமேட்டில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இறந்தவரைப் புதைத்துவிட்டால், ஜப்பானின் வடதீவுப் பூர்வகுடிகளான ஐனு மக்கள் அந்த இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை. ஆனால் அன்று இருவரும் அங்கே ஓடினார்கள்.

நகரத்திலிருந்து வந்த ஜப்பானியப் பேராசிரியர் ஒரு மண்டையோட்டை வளைந்த இரும்புக் கருவியால் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த நீலப் பாசிமாலை, அக்காவும் தம்பியும் அம்மாவோடு சேர்த்துப் புதைத்தது.

"உங்க ஜனமும் சகலின் தீவு ஜனமும் ஒரே வம்சமான்னு ஐயா அளந்து பாக்குறாரு. ஓரமா போடா," என்றான் அவரோடு வந்திருந்த போலீஸ்காரன்.

பேராசிரியர் உண்மையாகவே திகைத்தார். "புதர் மண்டிக் கிடக்கே! யாரும் வர்றதில்லன்னுதானே தோண்டினேன்?"

"வராம இருக்கிறதுதான்யா எங்க மரியாதை. எங்கம்மாவைக் கீழ வை," என்று குமாகிச்சி மண்டையோட்டைப் பற்றி இழுத்தான்.

குழி தோண்டிக்கொண்டிருந்த கூலியாள் மண்வெட்டியை அவன் பிடரியில் இறக்கினான். முழங்காலிட்டு விழுந்தும் குமாகிச்சி பிடியை விடவில்லை. போலீஸ்காரன் வாளுறையால் அவன் விரல்களை அடித்து முறித்தான். தடுக்கப் பாய்ந்த ஷிமேயின் வாயில் உதை விழுந்தது. அடுத்த வெட்டில் தம்பியின் மூச்சு நின்றது.

பேராசிரியர் மண்டையோட்டில் தெறித்த ரத்தத்தைக் கைக்குட்டையால் துடைத்து, வைக்கோல் பரப்பிய பெட்டிக்குள் வைத்தார்.

ஷிமேவுக்கு இப்போது எழுபது வயது. அம்மாவின் தலை இன்னும் அந்தப் பேராசிரியரின் பல்கலைக்கழக அலமாரியில்தான் இருக்கிறது.