மடங்காத விரல்

ராஜகீழ்ப்பாக்கம் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற சுஜிக்குக் கண்ணாடி டம்ளர் உடைந்து மோதிர விரலின் தசைநாண் அறுந்தது. தைத்தார்கள், சேர்ந்தும்விட்டது. ஆனால் உள்ளே வளர்ந்த தழும்பு அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, விரல் மடங்க மறுத்தது. திறந்து பிரித்துவிடலாம், ஆனால் மறுபடி ஒட்டாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். கீபோர்டு உறைக்குள் போனது. அவளுக்கு அது தாங்கவில்லை.

அது 2009. பொத்தேரியில் அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலும் இதே சிக்கல்தான், கோழிகளுக்கு. தழும்பை வளர்க்கச் சொல்லி உத்தரவு போடும் மரபணு ஒன்று உண்டு. கோழியின் கால்விரல் நாணை அறுத்துத் தைக்கும்போதே, அந்த மரபணுவின் வாயை அடைக்கும் மருந்தை வைத்தார்கள். கட்டுப் பிரித்ததும் மருந்துக் கோழி கம்பில் ஏறி, விரலை மடக்கி ஜம்மென்று உட்கார்ந்தது. சுஜிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கோழி கீழே குதித்தது. தைத்த நாண் பிய்ந்துபோனது.

"ஒட்டாதேன்னு சொன்னோம். ஒட்ட வேண்டிய இடமும் கேட்டுடுச்சு," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் தேவானந்தம். "தழும்புதாம்மா பசையே. மூட்டை கட்ட வேண்டியதுதான்."

ஒப்பிட்டுப் பார்க்க மருந்து வைக்காமல் தைத்திருந்த கோழி, மூலையில் விரலை நீட்டிக்கொண்டு நின்றது. சுஜி அதைத் தூக்கி விரலை அசைத்துப் பார்த்தாள். மடங்கவில்லை. ஆனால் நாண் கெட்டியாக இருந்தது.

"சார், இதுக்கு நாண் சேர்ந்தாச்சு. ஒட்டினதை மட்டும் பிரிச்சுட்டு, இப்ப மருந்து வெச்சா? இனிமே சேர வேண்டியது ஒண்ணும் இல்லையே!"

அவர் கோழியைப் பார்த்தார், பிறகு அவள் கையை. "இது உன் கேஸ் இல்ல?"

"ஆமா சார். கோழி முதல்ல போகட்டும்."

பிரித்து, மருந்து வைத்து, கட்டவிழ்த்த நாளில் கோழி கம்பை ஒருமுறை தலை சாய்த்துப் பார்த்தது. ஏறியது. விரல் மெல்ல மடங்கிக் கம்பைப் பற்றியது. கையைத் தட்டி விரட்டினார்கள். குதித்தது, திரும்பவும் தானே ஏறி உட்கார்ந்தது.

இந்த மருந்து மனிதருக்கு வர எத்தனை வருஷமோ. சுஜி டாக்டருக்கு போன் போட்டாள். "ஆபரேஷன் இப்ப வேணாம் டாக்டர். காத்திருக்கேன்."

"எதை நம்பிம்மா?"

"ஒரு கோழி கம்பு ஏறிடுச்சு டாக்டர்."