ராக்கப்பன் கேட்ட என்.ஓ.சி.

மீரா சாகிபுக்கு மூக்கு நுனியில் கோபம். ஷார்ஜா ரோலாவில் அவருடைய டைப்பிங் சென்டருக்கு வருகிறவர்கள் அது தெரிந்தேதான் வருவார்கள். ஏனென்றால் அவர் அடித்துக் கொடுத்த அரபிக் காகிதம் எந்த ஆபீஸிலிருந்தும் திரும்பி வந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் அதிகம் அடித்தது என்.ஓ.சி.தான். அந்த ஊரில் லைசன்ஸ் எடுக்கவும், வேலை மாறவும், பெண்டாட்டியைக் கூட்டி வரவும், எதற்கும் விசா கொடுத்த கஃபீல் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதி முத்திரை குத்தித் தர வேண்டும். அது இருந்தால் மலையும் நகரும். இல்லாவிட்டால் மயிர்கூட நகராது.

அப்படிப்பட்டவரிடம்தான், 2004ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி ராக்கப்பன் ஒரு என்.ஓ.சி. கேட்டான்.

"சாகுறதுக்கு ஒண்ணு அடிச்சுக் குடுங்க பாய்."

ராக்கப்பன் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். பதினொரு வருஷம் ஒரே கம்பெனிக்குச் சாரம் கட்டியவன். பதினாலு மாசத்துக்கு முன் சாரத்தோடு சரிந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் சொல் கேட்பதில்லை. மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். அது முன்னைவிட இரண்டு பங்கு வேலை செய்தது. அவனை ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் விமானத்தில் ஒன்பது சீட்டை மடக்கி ஸ்ட்ரெச்சர் போட வேண்டும். கம்பெனி 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்றே பதினாலு மாசத்தை ஓட்டிவிட்டது. அவனுடைய முதல் விசாக் காகிதத்தை அடித்தவர் என்பதைத் தவிர மீரா சாகிபுக்கு அவன் உறவுமில்லை, சாதிசனமுமில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சோறும் மீன் ஆணமும் கொண்டுபோய் ஊட்டிவிட்டு வருவார்.

"என்னடா உளர்றே?" என்றார், சோற்று உருண்டையைக் கையில் பிடித்தபடி.

"உளறல பாய். ஹாலந்துல ரெண்டு வருஷமாச் சட்டமே இருக்காம். இனிமே தேறாது, வேதனை தாங்கலன்னு ஆளே தெளிவாக் கேட்டா டாக்டரே அனுப்பி வச்சிருவாராம். பெல்ஜியத்துலயும் வந்துருச்சாம். சிஸ்டர்தான் பேப்பரப் பாத்துச் சொன்னாக."

தலைமாட்டில் நின்ற நர்ஸ் ஜெயமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் சும்மா வாசிச்சுக் காட்டினேன். இந்த ஊர்ல அதெல்லாம் நடக்காதுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. உதவி செஞ்சா ஜெயில். தானா சாகப் பாத்துப் பிழைச்சாலும் ஜெயில்."

"ஜெயிலா!" ராக்கப்பன் சிரித்தான். "ஜெயில்ல இருக்கறவன் மூக்குல ஈ உக்காந்தா அவனே வெரட்டிக்கிடுவான் சிஸ்டர்."

பிறகு மீரா சாகிபைப் பார்த்தான். "சட்டம் கெடக்கட்டும் பாய். இங்க எல்லாமே கஃபீல் கையெழுத்துலதான நடக்குது? வேலை மாறணும்னேன், என்.ஓ.சி. கேட்டாக. எம் பொண்டாட்டி வீரம்மாள ஒரு மாசம் கூட்டியாறேன்னேன், என்.ஓ.சி. கேட்டாக. இதுக்கும் வாங்கி டாக்டர் கையில குடுத்துட்டா அவரு என்ன சொல்ல முடியும்?"

பதினொரு வருஷம் வளைகுடாவில் உழைத்தவனுக்கு இப்படித்தான் புத்தி போகும். மீரா சாகிபு சோற்று உருண்டையைத் தூக்குவாளியில் திரும்பப் போட்டார்.

"அஸ்தஃபிருல்லா! உசுரு அல்லா குடுத்தது. எடுக்கறதும் அவன். ஹராமுடா! நான் அடிக்க மாட்டேன்."

"ஆண்டவங்கிட்ட நான் பேசிக்கிடுறேன். நீங்க டைப் மட்டும் அடிங்க."

தூக்குவாளியை மூடிக்கொண்டு கிளம்பியவர், வராண்டா முழுக்கத் திட்டிக்கொண்டே போனார். பயலுடைய மூளையும் சேர்ந்து விழுந்துவிட்டது என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அதற்கும் ராக்கப்பனைத்தான் திட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கம்பெனியின் மந்தூப் சாதிக் பாட்ஷா வந்தான். அரசாங்க ஆபீஸ்களுக்குக் காகிதம் சுமப்பது அவன் வேலை. அறுபது பேருக்கு விசா புதுப்பிக்கும் கட்டு. மீரா சாகிபு அடித்துக் கொடுப்பார், கம்பெனியில் மேனேஜர் கையெழுத்துப் போட்டதும் கட்டு திரும்ப அவரிடமே வரும், அவர் ஆபீஸ்வாரியாகப் பிரித்துக் கொடுப்பார்.

"நம்ம ராக்கப்பன் சங்கதி என்னாச்சு?" என்று கேட்டார்.

"அட, அவனா? எதுக்கு பாய் ஒம்பது சீட்டு? மேனேஜர் சொல்றாரு, கொஞ்சம் பொறு, அவனே கலாஸ் ஆயிடுவான்னு. பெட்டியில அனுப்பறது லேசு."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். மீரா சாகிபு மெஷின் முன் கல்லாய் உட்கார்ந்திருந்தார். சாக வேண்டுமென்று கேட்டவன்மேல் அவருக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருந்ததெல்லாம் அவன் சாவுக்குக் காத்திருக்கிறவன்மேல்தான்.

ராக்கப்பன் கேட்ட காகிதத்தை அடித்தார். நல்ல அரபியில், ஒரு புள்ளி பிசகாமல் அடித்தார். அதை விசாக் காகிதங்களுக்கு நடுவில் செருகினார். படித்தால் வெட்கப்படட்டும் என்று நினைத்தார். நம்மைக் கூப்பிட்டுக் கத்தட்டும், நாமும் கத்துவோம்.

யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் கட்டு வந்தது. அறுபத்தோரு கையெழுத்து, அறுபத்தோரு முத்திரை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார். "வாசிங்க பாய்" என்றான் ராக்கப்பன். அவர் தமிழில் சொன்னார்: "எங்கள் தொழிலாளி ராக்கப்பன் இறந்துபோவதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை."

ராக்கப்பனின் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. ஜெயமணி துடைத்தாள்.

"வீரம்மா வர்றதுக்கு மூணு வருஷம் கேட்டேன், தரல. இதுக்கு ஒரு நாள்ல தந்துட்டான். படிச்சுக்கூடப் பாக்கல." அப்புறம் அந்தக் குரலே மாறியது. "இவன் சொல்லி நான் சாகணுமா பாய்? செத்தா நானாக் கேட்டுச் சாவேன். இவனுக்குத் தோதா ஒரு நாளும் சாக மாட்டேன். எடுத்துட்டுப் போங்க அந்தப் பேப்பர. அவன் மேசையில போடுங்க."

மீரா சாகிபு நகலைத்தான் மேசையில் போட்டார். மேனேஜர் படித்தான். இந்தத் தடவை முழுதாகப் படித்தான். முகம் கறுத்தது.

"இதை டைப் அடிச்சது நீ. உன்னை ஜெயிலுக்கு அனுப்புவேன்" என்று இந்தியில் கத்தினான்.

"அனுப்பு. அடிச்சது நான், கையெழுத்துப் போட்டது நீ. ஒருத்தன் சாவுக்குத் துணைபோனா என்ன தண்டனைன்னு இந்த ஊர்ச் சட்டம் சொல்லியிருக்கு. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருப்போம். பாயும் தலகாணியும் ரெண்டா நானே கொண்டாறேன். அசல் பத்திரமா இருக்கு. நாளைக்கு அது எம்பஸிக்குப் போகுதா, அவன் ஊருக்குப் போறானா, நீயே சொல்லு."

பயம் இல்லாமல் இல்லை. அவருக்கும் விசா இருக்கிறது, ஊரில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் ஒன்பது சீட்டு மடங்கியது.

ஆம்புலன்ஸ் கதவு மூடுவதற்கு முன் மீரா சாகிபு குனிந்து கேட்டார். "ஊருக்குப் போறே. இனி அந்த நெனப்ப விட்ருவேல்ல?"

"விட மாட்டேன்."

"டேய்!"

"நம்ம நாட்டுலயும் அந்தச் சட்டம் இல்லதான், தெரியும். ஆனா அங்க கேட்டா என் பாஷையில கேப்பேன். இல்லேங்கிறவன் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். அந்த அசல என் சட்டைப் பையில வைங்க பாய்."

"எதுக்கு?"

"வீரம்மாகிட்ட காட்ட. நான் சாகறதுக்கு ஆட்சேபணை இல்லாதவன் எவன்னு அவ பாக்கணும். அவளுக்கு ஆட்சேபணை இருக்கும். அவகூட மொதல்ல சண்டை போட்டுத்தான் மத்தவுககிட்டப் போகணும்."

"எனக்கும் இருக்குடா ஆட்சேபணை!" மீரா சாகிபு வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"அப்ப அதையும் டைப் அடிச்சு அனுப்புங்க. நான் படிச்சுத்தான் பதில் சொல்லுவேன்."

மீரா சாகிபு கடைக்குத் திரும்பி, காத்திருந்த நாலு பேரை அப்புறம் வாங்க என்று விரட்டினார். வெள்ளைத் தாளைச் செருகினார். ராக்கப்பன் பெயரை முழுதாக அடித்தார். அடுத்த வரியில், 'எனக்கு ஆட்சேபணை உண்டு' என்று அடித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி அடித்தது அதுதான் முதல் தடவை. கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அவன் பதிலுக்குப் பாதித் தாளை வெறுமையாக விட்டார்.