அய்யம்மாளின் செய்வினைக் கூடம்

திண்டுக்கல் நாய்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும் என்பது ஐம்பத்தொன்பதாம் வருசம் வைகாசி மாதம் நிரூபணமானது. அய்யம்மாள் வீட்டு வாசலில் பலகை ஏறிய மறுநாளே, அதுவரை அந்த நிழலில் கிடந்த மூன்று நாய்களும் எழுந்து எதிர்ச்சாரிக்குக் குடிபோய்விட்டன. அந்தத் தெருவில் எழுத்துத் தெரியாதது அய்யம்மாளுக்கு மட்டும்தான். எல்லாம் அதனால் வந்தது.

பலகைக்கு முன்னால் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவைப் பார்த்த முன்னறை. பத்து வருசமாக அவள் புருசன் ஆண்டிச்சாமி அதில் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருந்தான். மண்டியில் அவனுக்குப் பெரிய இடம் கிடைத்து மூட்டைகள் வெளியேறிய அன்றே அய்யம்மாள் அறையைக் கழுவி, ஏழு பூச்சு சுண்ணாம்பு அடித்தாள். ஆறாவது பூச்சு வரைக்கும் சுண்ணாம்பே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

அவள் தையல்காரி. துணிப் பொம்மை, பூவேலை, சுருக்குப் பை என்று கை சும்மா இராது. ஆனால் தைத்ததை மடித்துப் பெட்டியில் வைக்க மனசு வராது. “மடிச்சு வச்சா அது வெறும் துணி. மாட்டி வச்சாத்தான் வேலைப்பாடு” என்பாள். மாட்டுவதற்குச் சாமான் தேடி நைனா முகமதுவின் பழைய இரும்புக் கடைக்குப் போனாள். அந்த வருசம் அவள் நடந்த நடையில் அந்தக் கடை வாசற்படி அரை அங்குலம் தேய்ந்தது.

கிராமபோன் குழலைக் கவிழ்த்து உத்தரத்தில் தொங்கவிட்டாள்; அதன் வாயிலிருந்து கலர் கலராக நூல் இறங்கியது. ஏதோ ஜமீன் வீட்டு ஏலத்தில் வந்த மான்கொம்பில் கிளைக்கு ஒரு நூல்கண்டு உட்கார்ந்தது. கண்ணாடி போன படச்சட்டங்களுக்குள் சின்னாளப்பட்டிச் சுங்கடித் துண்டுகளை இழுத்துக் கட்டினாள். சாவி தொலைந்த நாற்பத்தொரு பூட்டுகளைச் சுவரில் ஆணியடித்து, தோகை விரித்த மயிலாக்கினாள். கொடைக்கானல் துரைசாணி ஒருத்தி சட்டை தைத்துப் போட்டுப் பார்த்த, தலையில்லாத மர உடம்பு ஒன்றும் கிடைத்தது. அதற்கு ஆண்டிச்சாமியின் கல்யாணச் சட்டையை மாட்டி, முதுகில் பூவேலை போட்டு, நடு அறையில் நிறுத்தினாள். குண்டூசி குத்தி வைக்க, அவனுடைய பழைய வேட்டிக் கரையில் ஒரு சாண் பொம்மை செய்து, கறுப்பு நூலில் மீசையும் வைத்தாள்.

சட்டையும் பொம்மையும் வருவதற்கு முன்பே ஒருநாள் ஆண்டிச்சாமி வந்து எட்டிப் பார்த்தான்.

“ஏ அய்யம்மா, நைனா முகமது பாய் கடையில எடம் இல்லைன்னு இங்க கொண்டாந்து கொட்டிட்டாரா?”

“பாக்கத் தெரிஞ்சவுக பாத்தாத் தெரியும்.”

“எவன் வந்து பாக்கப் போறான்? இந்த வருசம் வெங்காயம் அம்புட்டு விளைஞ்சு கெடக்கு, மண்டி கொள்ளாது. ஆடி ஒண்ணாந்தேதி மூட்டைய இங்கதான் எறக்கப் போறேன்.”

“அதுக்குள்ள பத்துப் பேரு வந்து பாத்து, நல்லாருக்குன்னு சொல்லிட்டா?”

ஆண்டிச்சாமி சிரித்தான். “சொந்தக்காரி, பக்கத்து வீட்டுக்காரியெல்லாம் சேத்தி கெடையாது. தானா வரணும், பாக்கணும், வாயத் தொறந்து சொல்லணும். பத்து. ஒண்ணு கொறஞ்சாலும் வெங்காயம்தான்.”

“சரி” என்றாள் அய்யம்மாள்.

பத்துப் பேரை வரவழைக்க வாசலில் ஒரு பலகை வேண்டும். மாதர் சங்கத்தில் அவளுக்குப் பூவேலை சொல்லிக்கொடுத்த ஜெயமேரி டீச்சரிடம் யோசனை கேட்டாள். “கைவேலைன்னு போடாதே. கைவினைக் கூடம்னு போடு. சொல்றப்பவே ஒரு கம்பீரம் இருக்கும்” என்றார் டீச்சர். அய்யம்மாள் அந்தச் சொல்லை வாயில் கற்கண்டு மாதிரி அடக்கிக்கொண்டு, பலகை எழுதுகிற சங்கிலியிடம் போய்த் துப்பினாள்.

சங்கிலி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஐந்தாம் வகுப்பை மட்டும் மூன்று வருசம் படித்ததால் இலக்கணம் அவனிடம் மூன்று மடங்கு கெட்டி. வினை இரண்டே இரண்டு: ஒன்று செய்வினை, மற்றது செயப்பாட்டுவினை. கைவினை என்று ஒன்று எந்தப் பாடத்திலும் கிடையாது. பாவம், படிக்காத பொம்பளை, தப்பாகச் சொல்கிறாள் என்று விளங்கிவிட்டது. ஆனால் வாடிக்கைக்காரரிடம் இலக்கணம் பேசக் கூடாது என்பது அவன் தொழில் தர்மம். தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டு, தானே திருத்தி, சிவப்பில் மஞ்சளாக எழுதிக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான்:

செய்வினைக் கூடம். இங்கே செய்வினை நேர்த்தியாகச் செய்து தரப்படும். வெளியூர் ஆர்டரும் உண்டு. அனைவரும் வருக.

அதற்குப் பிறகு தெருவில் வழக்கம் மாறியது. ரவிக்கை தைக்க வந்துகொண்டிருந்த பெண்கள் எதிர்ச்சாரியில் முக்காடு போட்டு நடந்தார்கள். தபால்காரர் கடிதத்தைக் கல்லில் கட்டித் தூரத்திலிருந்து எறிந்தார். வாசல் முருங்கையை ஆடு கடிக்கவில்லை. ஆண்டிச்சாமி அந்த அறைப் பக்கமே வருவதில்லை. பந்தயத்தில் வீறாப்பாக இருக்கிறான் என்று அய்யம்மாள் நினைத்தாள். குழம்பில் உப்பில்லை என்று சொல்வதையும் அவன் நிறுத்தியிருந்தான். அதற்கு மட்டும் அவளுக்குக் காரணம் புரியவில்லை.

ஆனி பிறந்த மூன்றாம் நாள் முதல் ஆள் வந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?”

“வாங்க, வாங்க. எந்த ஊரு?”

“பழனிக்கிட்ட பாலசமுத்திரமுங்க. பேரு சின்னக்கண்ணுங்க. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கத்திரிக்கா கொண்டாந்தனுங்க. அங்க பேசிக்கிட்டாங்க.”

ஒட்டன்சத்திரம் வரைக்கும் பேர் போயிருக்கிறது! அய்யம்மாளுக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை. “சொல்லுங்க, என்ன செய்யணும்?”

“ஒரு வாயைத் தைக்கணுமுங்க.”

பையாக இருக்கும் என்று அளவு நாடாவை எடுத்தாள். “எம்புட்டுப் பெரிய வாயி?”

“தொறந்தா ஒரு மொழம் இருக்குமுங்க.”

“புதுசா, பழசா?”

“அறுவது வருசமாச்சுங்க.”

“அம்புட்டா! அப்ப ஓரம் நைஞ்சு போயிருக்குமே?”

“ஓரமெல்லாம் கெட்டிங்க. அதானுங்க ரோதனை.”

“முழுசாத் தைச்சிரவா, இல்ல சுருக்கு வச்சு விடவா?”

சின்னக்கண்ணு யோசித்தார். இரக்கமுள்ள மனுசர். “சுருக்கே வச்சிருங்க. கஞ்சி ஊத்தறதுக்கு மட்டும் தொறந்தாப் போதுமுங்க.”

பழனிப் பக்கம் கஞ்சியைப் பையில் ஊற்றிக் கொண்டுபோவார்கள் போலிருக்கிறது என்று அய்யம்மாள் மனசில் குறித்துக்கொண்டாள். “சரி, சாமானைக் கொண்டாந்திருக்கீகளா?”

“வூட்ல இருக்குதுங்க. கொண்டார முடியாதுங்க. நாலு ஆள் புடிச்சாலும் நகராதுங்க.”

“அப்ப புதுசாத் தைச்சதே ஒண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்று சுங்கடித் துணியில் தைத்த சுருக்குப் பை ஒன்றை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

“இதை எங்கீங்க வைக்கறது?”

“இடுப்புல சொருகிக்கிடலாம். தலைமாட்டுல வச்சாலும் சரிதான்.”

“தலைமாட்லயே வச்சர்றனுங்க.”

“அது கெடக்கட்டும், நம்ம ரூமு எப்பிடி இருக்கு?”

சின்னக்கண்ணு அப்போதுதான் நிமிர்ந்தார். தலையில்லாத உடம்பு சட்டை போட்டு நின்றது. மீசை வைத்த பொம்மையின் உடம்பெல்லாம் ஊசி. “நல்லாருக்குதுங்க! ரொம்ப ரொம்ப நல்லாருக்குதுங்க!” என்று சொல்லி, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து தெருவுக்குப் போனார்.

அய்யம்மாள் நிலைப்படியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டாள்.

ஆனி முடிவதற்குள் ஆறு கோடு. வேடசந்தூர் ஆள் ஒருவர் கையோடு ஒரு பூட்டுக் கொண்டுவந்து, “பங்காளி வாயிக்கு, தாயி. இதையும் அதுகளோட சேத்து மாட்டிருங்க” என்றார். கலை தெரிந்த மனுசர் என்று மகிழ்ந்து, அதையும் மயிலின் வாலில் சேர்த்தாள். எல்லாருமே நல்லாருக்கு என்றார்கள். எல்லாருமே பின்னாலேயே நடந்து போனார்கள்.

மகள் பிரசவத்துக்குப் பெரியகுளம் போயிருந்த பக்கத்து வீட்டுக் காதர் பீவி ஆனிக் கடைசியில் திரும்பி வந்தாள். ஓதவும் படிக்கவும் தெரிந்தவள். வாசலில் நின்று அண்ணாந்து படித்தவள், உள்ளே வந்து இடுப்பில் கை வைத்தாள்.

“ஏத்தா அய்யம்மா, எப்பருந்து இந்தத் தொழிலு?”

“எந்தத் தொழிலுக்கா?”

“செய்வினை. நேர்த்தியாச் செஞ்சு தர்றியாமே. வெளியூர் ஆர்டரும் எடுக்கிறியாம்ல?”

அய்யம்மாள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். முழ வாய் நினைவுக்கு வந்தது. கஞ்சி நினைவுக்கு வந்தது. காதர் பீவியும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அய்யம்மாள் முகம் சுருங்கியது. “ஆறு பேரு வந்து நின்னாகளே அக்கா. ஒருத்தர்கூட மயிலப் பாக்கல.”

நேராகச் சங்கிலியிடம் போனாள். “ஏலே, போர்ட மாத்தி எழுது.”

“முடியாதுக்கா.”

“நீ எழுதினதுதானலே?”

“எழுதுறப்ப அது வெறும் இலக்கணம்க்கா. இப்பப் பலிச்சிருச்சே! தொட்டா எனக்குக் கை வெளங்காமப் போயிரும்.”

தானே கழற்றுவது என்று முக்காலி போட்டு ஏறினாள். கழற்றினால் வருகிற ஆளும் வராது. கழற்றாவிட்டால் மானம் போகும். ஆடிக்கு இன்னும் மூன்று நாள். முக்காலி மேலேயே நின்று நன்றாக யோசித்து, பலகையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

ஆடி ஒன்றாம் தேதி காலையில் மூட்டை வண்டி வாசலில் வந்து நின்றது. வண்டியோடு வந்த சுமைக்காரர்கள் இரண்டு பேரும் பலகையைப் பார்த்துவிட்டு, தங்களுக்கு அன்றைக்கு விரதம் என்றார்கள். என்ன விரதம் என்று ஆண்டிச்சாமி கேட்டதற்கு இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கிழவி, மூன்று பெண்களோடு வந்து இறங்கினாள். இடுப்பில் சுங்கடிச் சுருக்குப் பை. பின்னால் சின்னக்கண்ணு.

“இந்தப் பையத் தெச்ச அம்மிணி யாரு?” என்றாள் கிழவி. கன்னம் நிறைய வெற்றிலை. “எந்தலைமாட்ல கெடந்துச்சு. என்ன அம்சமா இருக்குது! வெத்தல பாக்கு வைக்கறதுக்குன்னே அளவெடுத்தாப்புல. எங்கூர்ல அத்தன பேருக்கும் வேணுமாமா. ரூமு நெறையச் சோடிச்சு வச்சிருக்கறியாமா, அதையும் பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தம்.”

சின்னக்கண்ணு அய்யம்மாள் பக்கம் குனிந்து, “பலிச்சிருச்சுங்க. நாளு முச்சூடும் மென்னுக்கிட்டே இருக்கறதுனால மாமியாளுக்குப் பேச நேரமே இல்லீங்க” என்று கும்பிட்டார்.

நாலு பேரும் உள்ளே போனார்கள். ஒருத்திக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. “அடி ஆத்தீ, பூட்டுல மயிலு!” என்று கிழவி தோகையைப் பூட்டுப் பூட்டாகத் தடவினாள். ஒருத்தி குழலுக்குள் தலையை விட்டு, நூல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். இன்னொருத்தி படச்சட்டத்துச் சுங்கடியில் எத்தனை புள்ளி என்று எண்ண ஆரம்பித்து, இருநூறு தாண்டியும் நகர மறுத்தாள். நாலு வாயும் நல்லாருக்குது என்று சொல்லி அடங்கவில்லை. அய்யம்மாள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். நிலைப்படியில் நாலு கோடு இழுத்தாள். பத்து.

“பத்து இல்ல, நாலு” என்றான் ஆண்டிச்சாமி. “மொத ஆறும் செய்வினைக்கு வந்தது. ரூம்பப் பாக்க வரல. ஆறு கொறையுது.”

“ஒங்களுக்குப் போர்டு வெவரம் தெரியுமா?”

“மண்டியே சிரிக்குது.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“எனக்கு எதுக்குடி வம்பு?”

ஆனால் மண்டியில் கொள்ளாத வெங்காயம் பயத்தை விடப் பெரிது. சுமைக்காரர்கள் அசையாததால் தானே ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பலகை ஏறிய பிறகு முதல் தடவையாக அறைக்குள் நுழைந்தான். நடு அறையில் நின்றுவிட்டான்.

“அய்யம்மா, அந்தச் சட்டை?”

“ஒங்க கல்யாணச் சட்டைதான்.”

“தலை எங்க?”

“தலை எதுக்கு? சட்டைக்கு ஒடம்பு போதும்.”

“அந்தப் பொம்மை... கரை என் வேட்டிக் கரை மாதிரி...”

“ஒங்களுதுதான். மீசையும் ஒங்க மாதிரியே வச்சிருக்கேன்.”

“இடுப்புல ஊசி குத்தியிருக்கே! போன வாரம் பூரா எனக்கு இடுப்பு வலி!”

போன வாரம் அவன் மண்டியில் அறுபது மூட்டை அடுக்கினான். அதைச் சொல்லியிருக்கலாம். அய்யம்மாள் சொல்லவில்லை. பொம்மையைக் கையில் எடுத்தாள், இடுப்பு ஊசியைப் பிடுங்கினாள், அதை வேறெங்கே குத்தலாம் என்று பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லாருக்கு” என்றான் ஆண்டிச்சாமி.

“எது?”

“ரூமு. மயிலு. எல்லாம். பிரமாதம்!”

“பாக்க வந்தவுகள்ல நீங்க அஞ்சாவது. இன்னும் அஞ்சு வேணுமே.”

“எவன் சொன்னான்? அந்த ஆறு பேரும் கண்ண மூடிக்கிட்டா நின்னாங்க? பாக்காமயா இருந்திருப்பாங்க? என்னோட பதினொண்ணு! நானே கோடு போடுறேன், அந்த ஊசிய மொதல்ல கீழ வையி.”

மூட்டையோடு வெளியே வந்தவனுக்கு இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. இருபத்திரண்டு மூட்டையும் நடைக்கும் அடுப்படிக்கும் கட்டிலடிக்கும் போயின. அந்த ஆடி முழுக்க வீட்டுக்கு வருகிறவர்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டியிருந்தது. இத்தனை பெரிய முன்னறை இருக்க, வெங்காயத்தை ஏன் நடுவீட்டில் போட்டிருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆண்டிச்சாமி ஒரே பதிலைத்தான் சொன்னான்.

“அந்த ரூம்புல வெளிச்சம் ஜாஸ்தி. வெங்காயம் முளைச்சிரும்.”