அம்மன் ஓட்டிய கார்

சொக்கப்பன் வீட்டு வாசலில் அந்தக் கார் வந்து நின்ற நாளிலிருந்து காஜா பேராங்கில் வேறு பேச்சே இல்லை. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. மலாக்காவிலேயே கியர் மாற்றத் தேவையில்லாத கார் தன்னுடையது ஒன்றுதான் என்று அவரே தம்பட்டம் அடித்துக்கொண்டார். கிளட்ச் கிடையாது. வேகத்துக்குத் தக்கபடி கியர் தானாக மாறிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு இரண்டே மிதி. ஒன்று போக, ஒன்று நிற்க.

"பச்சப் புள்ளகூட ஓட்டும் லா," என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். "நாம சும்மா உக்காந்தா போதும். மத்தத அது பாத்துக்கும்."

அது முதலில் பார்த்துக்கொண்டது பிச்சையின் வேலையைத்தான். பிச்சை, பக்கத்துச் செட்டி கம்பம் என்ற குடியிருப்பைச் சேர்ந்த ஆள். மலாய்தான் அவருக்கு வீட்டுப் பேச்சு, தமிழ் திக்கித் திக்கி வரும். ஜப்பான்காரன் போனதிலிருந்து சொக்கப்பனின் பழைய காரை ஓட்டியவர். "இனிமே காடி தானே ஓடும், நீ எதுக்கு?" என்று ஒரே வரியில் அவர் கணக்கை முடித்தார் சொக்கப்பன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மட்டும் வந்து போகச் சொன்னார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க ஆள் வேண்டுமே. வேட்டியில் மண் பட்டாலும் பரவாயில்லை என்று குனிகிற ஆள் அந்த வீட்டில் வேறு யார்?

பிச்சை முகத்தைச் சுளிக்கவில்லை. பஸ் கம்பெனி ஒன்றில் வரச் சொல்லியிருந்தார்கள், மாதம் பிறந்ததும் சேர வேண்டும். கையில் லைசன் இருக்கிறவனுக்கு என்ன பயம் என்று சிரித்துக்கொண்டு போனார்.

தெய்வானைக்குத்தான் முகம் சுளித்தது. அவள் சொக்கப்பனின் அக்காள் மகள். பெற்ற அப்பச்சி செத்த பிறகு ஆத்தா அன்னத்தோடு அம்மான் வீட்டில் ஒதுங்கியவள். சிங்கப்பூரில் படித்துப் பட்டம் வாங்கித் திரும்பியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் அதற்குமுன் ஆணோ பெண்ணோ யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அம்மான் வீட்டில் அந்தப் பட்டத்துக்கு உபயோகம் இரண்டு: விருந்தாளிக்குக் காட்டுவது, ஆங்கிலத்தில் வந்ததைப் படித்துச் சொல்வது. காரோடு வந்த புத்தகத்தையும் அவள்தான் படித்துச் சொன்னாள்.

"இஞ்சின் ஓடிக்கிட்டிருக்கும்போது இந்தக் கியர் கம்பிய 'டி'யில விட்டுட்டு பிரேக்குலேருந்து கால எடுக்கக் கூடாது அம்மான். எடுத்தா காடி தானா நகரும். எறங்குறதுக்கு முன்னாடி கம்பிய மாத்தி ஹேண்ட் பிரேக்கப் போடணும்."

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே காடி வச்சவன் நான். எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

வைத்திருந்தார், உண்மைதான். ஓட்டியது பிச்சை.

வெள்ளிக்கிழமை காலை, தெருமுனை அம்மன் கோயில் வாசல். மேளம், மாலை, கூட்டம். முனிசிபல் தேர்தலில் நிற்கப்போகிறவர் புதுக் கார் வாங்கினால் கூட்டத்துக்குக் கேட்பானேன்? சொக்கப்பன் தானே ஓட்டி வந்து நிறுத்தினார். தெய்வானையைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்திருந்தார். பட்டதாரிப் பெண்ணும் ஆட்டோமெட்டிக் காரும் ஒரே பார்வையில் விழட்டும் என்ற கணக்கு. பூசாரி இஞ்சினை நிறுத்தச் சொன்னார். "வேணாம் சாமி, உயிரோட இருக்கும்போதே தீபம் காட்டுங்க," என்றார் சொக்கப்பன். மேளக்காரர்கூடச் சிரித்தார்.

பிச்சை நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தார். தெய்வானை பக்கத்து முன்சக்கரத்துப் பழம் உருண்டுவிட்டது. அதை எடுத்து மறுபடி வைக்கக் குனிந்தார். அதே நேரம் கற்பூரத் தட்டு காரின் முன்னால் வந்தது. சொக்கப்பன் கதவைத் திறந்துகொண்டு, வேட்டி நுனியைப் பிடித்தபடி, பக்தியோடு இறங்கினார். கம்பி 'டி'யில் நின்றது. ஹேண்ட் பிரேக் போடாமலே கிடந்தது. பிரேக்கில் கால் இல்லை.

கார் நகர்ந்தது.

"நந்தி, தவுக்கே, நந்தி!" இருங்க முதலாளி, இருங்க என்று பிச்சை மலாயில் கத்தியது மேளத்தில் அமுங்கிப்போனது. ஓட்டுகிற இருக்கையில் ஒருவருமில்லை. கார், மாப்பிள்ளை ஊர்வலம்போல, மெல்ல, ஜம்மென்று பழங்களின் மேல் ஏறியது. "தாயே! ஆளில்லாமப் போகுது பாரு! அம்மாதான் ஓட்டுறா!" என்று ஒரு கிழவர் அலற, அத்தனை கைகளும் தலைக்கு மேல் போயின. பூசாரியின் மணி இன்னும் வேகமாக அடித்தது. தெய்வானை குறுக்கே விழுந்து சாவியைத் திருகி இஞ்சினை நிறுத்தியபோது சக்கரம் பிச்சையின் வலது கையைத் தாண்டியிருந்தது. எலுமிச்சம்பழச் சாறும் ரத்தமும் கலந்து ஓடின. கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் இரண்டு பேர் அதை மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

பிச்சைக்கு இரண்டு விரல் போயிற்று. மிச்சம் இருக்கிற விரல்களும் கட்டை விரலும் ஸ்டியரிங் பிடிக்கப் போதும், புண் ஆறினால் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஆறாத புண் ஒன்றைச் சொக்கப்பன் தயார் செய்துகொண்டிருந்தார்.

யார் ஓட்டியது என்று போலீஸ் கேட்டது. கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் "அம்மன்" என்றார்கள். அம்மன்மேல் கேஸ் போட முடியாது. சொக்கப்பன் போலீசிடம் சொன்னார்: பிச்சைதான் ஓட்டி வந்தான், சம்சு சாராயம் குடித்திருந்தான், கம்பியை மாற்றாமல் இறங்கிவிட்டான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, கார் போர்ச்சில் நின்ற காருக்கு மாலை மாற்றி, வந்தவர்களிடம், "என்னமோ ஆத்தா எங்க வீட்டுக் காடியத் தேர்ந்தெடுத்துட்டா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டேஷனுக்கு ஒரு கதை, வாசலுக்கு ஒரு கதை. இரண்டிலும் அவர் கால் பிரேக்கைவிட்டு எடுபடவில்லை.

சனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பண்டார் ஹிலிரிலிருந்து ரிக்‌ஷா பிடித்து வந்தார்கள். பானெட்டில் மஞ்சள் பூசினார்கள், பம்பரில் வளையல் தொங்கவிட்டார்கள். ரத்தக் கறை காய்ந்த சக்கரத்தில் ஒருத்தி குழந்தையின் நெற்றியை வைத்துத் தேய்த்தாள். தெய்வானை பிச்சையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

பிச்சை கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தார். அவர் மனைவி காமாட்சி பேசினாள். மலாயும் தமிழும் கலந்து, ஒவ்வொரு வார்த்தையையும் கடித்துத் துப்பினாள்.

"மாபோக்கா? இவரா குடிகாரன்? தண்ணி தொட்டதில்ல இவரு. போலீஸ்ல குடிகாரன்னு எழுதினா லைசன் போச்சு. வெரல் போனா போகட்டும், லைசன் போனா நாங்க என்ன திங்கிறது? நீ உள்ளதானே உக்காந்திருந்தே? கண்ணு இருந்துச்சுதானே?"

"இருந்துச்சு," என்றாள் தெய்வானை.

"வாய்?"



போலீஸ் சார்ஜன் கருணாகரன் திங்கட்கிழமை வீட்டுக்கு வருவார், காருக்குள் இருந்த ஒரே ஆளான அவளிடம் வாக்குமூலம் வாங்குவார் என்று தகவல் வந்தது. அன்று காலை ஆத்தா அவள் தலையை வாரிக்கொண்டே கெஞ்சினாள்.

"நீ ஒண்ணும் பேச வேணாம்டி. அம்மான் சொல்றதுக்குத் தலைய ஆட்டு. இந்தக் கூரையும் போச்சுன்னா நாம எங்க போவோம்?"

"பக்கத்து ஊரு செமாபோக் பள்ளிக்கூடத்துல வேலைக்குக் கேட்டிருக்கேன்."

"கேட்டிருக்கே. கெடச்சிருச்சா?"

"இல்ல."

"அப்பத் தலைய ஆட்டு."

சார்ஜன் வந்தபோது போர்ச்சில் பத்திருபது பேர் காரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர் அவர். அந்தக் காரையும் அதன் வளையல்களையும் பார்த்த பார்வையிலேயே அது தெரிந்தது. சொக்கப்பன் நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரச் சொன்னார்.

"எங்க வீட்டுப் பொண்ணு சார். பட்டதாரி. பொய்யே வராது வாயில."

"வராது," என்றாள் தெய்வானை. "அம்மான், சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"காட்டுறதுக்கு."

சார்ஜன் கையை நீட்டினார். போலீஸ்காரர் நீட்டிய கையில் சாவியைப் போடாமல் இருக்கச் சொக்கப்பனுக்கு வழி தெரியவில்லை. தெய்வானை வாங்கினாள். செருப்பைக் கழற்றாமலே காரில் ஏறினாள். "அய்யய்யோ, செருப்போடயா!" என்று யாரோ பதறினார்கள். இஞ்சினைக் கிளப்பினாள். பிரேக்கை மிதித்துக்கொண்டு, கம்பியை 'டி'க்குத் தள்ளினாள்.

"பாருங்க சார். ஒண்ணுமே பண்ணப் போறதில்ல. கால மட்டும் எடுக்கிறேன்."

எடுத்தாள். வளையல்கள் கிலுகிலுக்க கார் ஒரு முழம் நகர்ந்தது. மிதித்தாள், நின்றது. மறுபடி எடுத்தாள், நகர்ந்தது.

"இவ்ளோதான். கம்பிய மாத்தாம, ஹேண்ட் பிரேக் போடாம எறங்கினா, யார் காடியா இருந்தாலும் இதான் நடக்கும். எறங்கினவர் எங்க அம்மான். ஓட்டிட்டு வந்தவரும் அவர்தான். பிச்சை கோயில் வாசல்ல காத்துக்கிட்டிருந்தார். குடிக்கல. பழம்தான் வச்சார்."

"சின்னப் பொண்ணு சார், பயத்துல ஒளறுது..." என்று சொக்கப்பன் முன்னால் வந்தார். அவர் நின்றது காருக்கு நேர் எதிரே.

"பயமில்ல அம்மான். அம்மன்தான் ஓட்டுறான்னு ஊர் பூரா சொன்னீங்க. இப்போ குனிஞ்சு அந்தச் சக்கரத்துக்கிட்ட கைய வைங்க. நான் கால எடுக்கிறேன். ஆத்தா உங்கள ஒண்ணும் பண்ண மாட்டா."

சொக்கப்பன் பின்னால் துள்ளினார். துள்ளிய வேகத்தில் காப்பித் தட்டு உருண்டது. சார்ஜன் சிரிக்கவில்லை, எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டி அவளிடம் கையெழுத்து வாங்கினார். "பிச்சையோட லைசன் எங்கயும் போகாது," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சொக்கப்பனைப் பார்த்து, "நீங்க நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்துருங்க," என்றார். போய்விட்டார்.

சொக்கப்பன் கையை ஓங்கிக்கொண்டு திரும்பினார். "சோறு போட்ட வீட்டுக்கு..."

அதற்குள் கூட்டம் முந்திக்கொண்டது.

"பாத்தீங்களா? இவ கைக்கும் நகருது! ரெண்டு தடவ நகந்துச்சு!"

"அன்னைக்கும் இவதானே உள்ள இருந்தா!"

"இவ மேலதான் வந்திருக்கா, இவ மேலதான்!"

தெய்வானை இறங்குவதற்குள் ஒருத்தி அவள் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள். காலில் நான்கு பேர் விழுந்தார்கள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்ற சொக்கப்பன், கூட்டத்தைப் பார்த்தார், தேர்தலை நினைத்தார். இன்னொரு கையையும் தூக்கி இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"எங்க அக்கா மக மேல ஆத்தா எறங்கிட்டா! கோவமா இருக்கா, எல்லாரும் விழுந்து கும்பிடுங்க!"

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை. உடம்பெல்லாம் பல்லி ஊர்ந்தது மாதிரி இருந்தது. குங்குமத்தைப் புறங்கையால் வழித்து எறிந்தாள்.

"ஆத்தாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! ஓட்டினது இந்த ஆளு! வெரல நசுக்கினது இந்த ஆளு! காது கேக்குதா?"

"சொல்லு தாயே, சொல்லு," என்றாள் காலைப் பிடித்திருந்தவள். "எம்மவனுக்கு எப்போ வேல கெடைக்கும்? அதையும் சொல்லிரு."

தெய்வானை வீட்டு வாசலைப் பார்த்தாள். ஆத்தா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வரவில்லை, வா என்று கூப்பிடவுமில்லை.

"காமாட்சி வீட்டுக்குப் போறேன்," என்றாள் தெய்வானை, ஆத்தாவைப் பார்த்து. "லைசன் இருக்குன்னு சொல்லணும். நீ வரணும்னா வா."

பிடித்திருந்த கைகளிலிருந்து காலை உதறி இழுத்ததில் ஒரு செருப்பு கழன்று கூட்டத்துக்குள் விழுந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை. ஒற்றைச் செருப்போடு கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். தார் சுட்டது. ஆத்தா வருகிறாளா என்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

நிலைப்படியில் ஆத்தா இல்லை, உள்ளே போய்விட்டாள். போர்ச்சில் செருப்புக்கு மாலை போட்டாகிவிட்டது. அம்மான் அதற்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.