டாக்டர் வேஷம்

பேசும் படம் வந்த இரண்டே வருடத்தில் ஹாலிவுட் லெஸ்டர் ஹேவர்காம்பை மறந்துவிட்டது. ஊமைப் படங்களில் கதாநாயகனாகக் கொடிகட்டிப் பறந்தவருக்கு இன்று கிடைத்தது ஒரு டாக்டர் வேஷம். ஒரே ஒரு வரி வசனம். அதைச் சரியாகப் பேசிவிட்டால் மறுபடி கூப்பிடுவார்கள் என்று நம்பினார்.

பழைய வழக்கப்படி வீட்டிலேயே மேக்கப் போட்டுக்கொண்டு டிராமில் வந்தார். முகமெல்லாம் வெள்ளை, உதட்டில் கருஞ்சாயம். அந்தக் காலத்து பிலிமில் அதுதான் எடுப்பாகத் தெரியும். பிலிமும் விளக்கும் மாறிவிட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் செட்டில் நுழைந்ததும் டைரக்டர் கிராண்டல் சிரித்துவிட்டான்.

"யாருப்பா இது, பொணவறையிலேருந்து நேரா வர்றாரு?"

"கொஞ்சம் பொறுங்க சார், மூஞ்சியக் கழுவிட்டு வந்துடறேன்" என்றார் லெஸ்டர்.

"எதுக்கு? பொணமா படுக்க வேண்டிய ஆளு இன்னும் வரல. நீங்க படுங்க பெரியவரே, அம்சமா இருக்கு. டாக்டரா லைட் பிடிக்கிற நம்ம பிலாய்டு பையன் நடிக்கட்டும்."

"எனக்கு வசனம் இருக்குன்னாங்களே..."

"பொணம் என்னய்யா பேசும்?"

செட்டே சிரித்தது.

போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார். அங்கே வேலை கேட்டு ஒரு கூட்டமே காத்திருந்தது. கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கேமரா ஓடியது. அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்த பிலாய்டு, வாரம் முழுக்க லெஸ்டர் கண்ணாடி முன் பேசிப் பழகிய வரியைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

"எல்லாம் முடிஞ்சிருச்சும்மா."

லெஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தார்.